முதுகில் பட்டது யாருடைய குண்டு

இசாவோவுக்கு அன்றைய முதல் பொறாமை காரிலேயே வந்துவிட்டது. மனைவி மசுமி காலையில் இரண்டு பொட்டலம் சோற்று உருண்டை பிடித்துக் கொடுத்திருந்தாள். அவள் தம்பியின் உருண்டைக்குள் சால்மன் மீன். புருஷனின் உருண்டைக்குள் உப்பில் ஊறிய உமெ காய். உமெ பிடிக்கும் என்று அவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறான், அதுவும் பதினாறு வருஷத்துக்கு முன்னால், மாமியார் வீட்டில், மரியாதைக்கு. அன்றிலிருந்து உமெதான்.

"மாமா, என்னுதுல பாதி தரட்டுமா?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரின்தாரோ.

"வேணாம். எனக்கு உமென்னா உயிரு" என்றான் இசாவோ, முன்னால் போன லாரியை முறைத்தபடி.

ரின்தாரோ மசுமியின் ஒரே தம்பி. இருபத்தைந்து வயது. செல்போன் கடை வேலையை வசந்த காலத்தில் விட்டவன், "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன் அக்கா" என்று வந்து ஆறு மாதமாக அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்தான். வாடகை கேட்கிற இனமா மசுமி? "ஞாயித்துக்கிழமை உங்க துப்பாக்கி ஆட்டத்துக்கு அவனையும் கூட்டிட்டுப் போங்களேன், உடம்புல கொஞ்சம் வெயில் படட்டும்" என்றாள். காட்டுக்குள் பொம்மைத் துப்பாக்கியும் பிளாஸ்டிக் குண்டுமாக இரண்டு தரப்பு மோதுகிற அந்த ஆட்டத்துக்கு நாலு வருஷமாக இசாவோ போகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, "நல்லா ஆடினீங்களா?" என்று அவள் கேட்டது கிடையாது. தம்பிக்காகத்தான் அந்தப் பேச்சே வீட்டில் எழுந்தது.

வேறு எந்த ஞாயிறாக இருந்தாலும் இசாவோ பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டிப்போயிருப்பான். இந்த ஞாயிறு அப்படிப்பட்டது இல்லை. அடுத்த மாதம் நாசு மலையில் பெரிய ஆட்டம், நாற்பது அணிகள் வருகின்றன. இசாவோவின் காட்டுவள்ளி அணியில் எட்டுப் பேர். போகப்போவது ஆறு பேர். ஐந்து பேர் முடிவாகிவிட்டார்கள். ஆறாவது ஆள் யார் என்று தலைவர் தொகாஷி இன்றைய ஆட்டங்களைப் பார்த்துச் சொல்வதாக இருந்தது. அந்த ஆறாவது ஆள் தலைவருக்குப் பக்கத்திலேயே, முன்வரிசையில் ஓட வேண்டியவன்.

இசாவோ முன்வரிசையைப் பார்த்ததே இல்லை. நாலு வருஷமும் சொந்தக் கொடிக்குக் காவல். "இசாவோ, உனக்குக் கண்ணு கூர்மை, நீ கொடிகிட்ட நில்லு" என்பார் தொகாஷி. கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டு அவன் அங்கே வண்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். வாரம் முழுக்க ரயில் நிலையங்களில் பான விற்பனைப் பெட்டிகளுக்கு டின் நிரப்புகிறவன் அவன். அங்கேயும் பெட்டியின் பின்னால்தான் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாவது முன்னால் போகக் கூடாதா என்று அவனுக்கு ஒரு தாபம்.

சிபா மாவட்டத்தின் உட்பகுதியில், மூங்கிலும் ஓக்கும் கலந்த அந்தக் காட்டுக்கு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாடகைத் துப்பாக்கி, கண்ணாடி, முகமூடி, முட்டியில் தொளதொளத்த பச்சை உடுப்பு எல்லாம் ரின்தாரோவுக்குக் கிடைத்தன. துப்பாக்கிப் பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. இசாவோவின் சட்டையிலோ ஆறு பை, தோளில் வாக்கி-டாக்கி, முட்டிக்கு உறை, எல்லாம் நாலு வருஷமாகச் சேர்த்தவை. இருவரின் துப்பாக்கிகளையும் வேகம் அளக்கிற கருவிமுன் சுட்டுப் பார்த்து, அளவுக்குள் இருப்பதாக ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள்.

அடுத்த அரை மணி நேரம் இசாவோவுக்கு நன்றாகவே போனது. சொல்லிக்கொடுப்பது என்றால் அவனுக்குக் கொள்ளைப் பிரியம், கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

"கழுத்துல துண்டச் சுத்திக்க. வெறுந்தோல்ல பட்டா சுள்ளுன்னு இருக்கும். காட்டுக்குள்ள யார் வந்து சொன்னாலும் கண்ணாடியக் கழட்டாத, ஆவி படிஞ்சாலும் கழட்டாத. குண்டு பட்டா உடனே 'ஹிட்'டுன்னு கத்தணும். கையத் தூக்கிக்கிட்டு வெளிய நடந்துரணும்."

"பட்டுச்சா இல்லையான்னு யாரு மாமா பாப்பா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. குண்டு மிளகு மாதிரிதான் இருக்கும், கறையும் படாது. நீதான் சொல்லணும். சட்டையில பட்டாலும் ஹிட்டு, துப்பாக்கியில பட்டாலும் ஹிட்டு. நம்ம ஆளே தெரியாம நம்ம மேல சுட்டுட்டாலும் ஹிட்டுதான்."

"சொல்லலன்னா?"

"ஜோம்பின்னு பேரு வரும். செத்தும் சாகாதவன். மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா அடுத்த வாரத்துலருந்து உன்கூட யாரும் சோறு திங்க மாட்டாங்க."

ரின்தாரோ பயபக்தியோடு தலையாட்டினான். தலையாட்டிய விதம்கூட இசாவோவுக்குப் பிடித்திருந்தது.

முதல் ஆட்டம். காட்டுவள்ளி அணிக்கும் அன்று வந்த இன்னும் சிலருக்கும் சிவப்புக் கைப்பட்டை, எதிர்த்தரப்புக்கு மஞ்சள். எதிரியின் கொடியடிக்குப் போய் அங்கிருக்கும் ஒலிப்பானை அழுத்தினால் வெற்றி. ஊதல் ஊதி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு தரப்பும் இன்னும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. "ஹிட்! ஹிட்!" என்று ஒரு குரல் காட்டையே தூக்கியது. ரின்தாரோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கொடியைக் கடந்து வெளியே நடந்துகொண்டிருந்தான்.

"எங்க பட்டுச்சு?" என்றார் நடுவர்.

"தலையில. டொக்குன்னு."

நடுவர் குனிந்து தரையைப் பார்த்தார். ஓக் மரத்திலிருந்து ஒரு கொட்டை உதிர்ந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் இன்னும் நாலு விழுந்தன.

சாப்பாட்டு மேஜைகள் போட்டிருந்த கூடாரத்தில் அன்று அந்தச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. மஞ்சள்காரர்கள் அந்த மரத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வந்தார்கள். தொகாஷி சிரிக்கவில்லை. சலவைக் கடை வைத்திருக்கிற மனிதர், ஐம்பத்தெட்டு வயது, எதைப் பார்த்தாலும் கறை எங்கே என்று தேடுகிற முகம். ரின்தாரோவின் தோளைத் தட்டினார்.

"சுடுறத ஒரு மாசத்துல கத்துக்கலாம்ப்பா. இத யாரும் கத்துக்குடுக்க முடியாது."

 நாலு வருஷத்தில் இசாவோ எத்தனையோ ஹிட் சொல்லியிருக்கிறான். எல்லாம் அசல் குண்டு பட்டவை. ஒன்றுக்காவது தோளைத் தட்டினாரா இந்த மனிதர்? மரக்கொட்டைக்குச் செத்தவனுக்கு மாலை போடுகிறார்!

இரண்டாவது ஆட்டத்தில் ரின்தாரோ வழி தவறினான். வழி தவறி, பள்ளத்தில் சறுக்கி, ஏறிப் பார்த்தால் எதிரியின் கொடிக்குப் பின்பக்கம். காவலுக்கு நின்ற இருவரும் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருக்க, "மன்னிச்சிருங்க" என்று சொல்லிக்கொண்டே ஒலிப்பானை அழுத்திவிட்டான். சிவப்பு வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் தொகாஷியே, "தம்பி, நீ என்கூட வா" என்று அவனை இடது ஓரமாக முன்னால் கூட்டிப்போனார். "இசாவோ, கொடிகிட்ட."

கொடியருகே நின்ற இசாவோ பொருமினான். வழி தவறியவனெல்லாம் வீரன் என்றால், தினமும் வழி தவறும் தபால்காரனுக்குப் பதக்கம் கொடுக்க வேண்டாமா? அந்தத் தொளதொள உடுப்பும் டேப் சுற்றிய துப்பாக்கியும் தலைவருக்குப் பக்கத்தில்! அவன் தன் ஆறு பைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாவற்றிலும் குண்டு நிறைந்திருந்தது, ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை.

மத்தியானம் கறிச்சோறு. வரிசையில் இசாவோவுக்கு முன்னால் தலைவரும் ரின்தாரோவும் நின்றிருந்தார்கள்.

"தம்பி, அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை உனக்கு ஏதாவது வேலை இருக்கா?"

"எனக்கு எந்தக் கிழமையும் வேலை இல்லீங்களே."

தொகாஷி சிரித்தார். நாலு வருஷத்தில் இசாவோ பார்த்த முதல் சிரிப்பு. அதற்குமேல் அவன் கேட்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு மூலையில் தனியாகப் போய் உட்கார்ந்தான். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறுதான் நாசு.  வீட்டில் மாடி அறை போயிற்று, சால்மன் மீன் போயிற்று, அதெல்லாம் போகட்டும். இதுவுமா? இந்த ஒன்று மட்டும் தன்னுடையது என்று வைத்திருந்தானே.

"மாமா, இதுல உருளைக்கிழங்கு நிறைய இருக்கு, உங்களுக்குப் பிடிக்குமே" என்று ரின்தாரோ தட்டோடு வந்தான்.

"நீயே தின்னு. தெம்பு வேணும்ல, முன்னால ஓடுறவனுக்கு."

மாமா குத்திப் பேசியது அந்தப் பிள்ளைக்கு உறைக்கவே இல்லை. "ஆமா மாமா" என்று உட்கார்ந்து சாப்பிட்டான்.

பிற்பகல் முதல் ஆட்டத்தில் தலைவர், "இன்னைக்கு இடது பக்கம் மூணு பேராப் போவோம். நான், தம்பி, பின்னால இசாவோ" என்றார். கொடியை விட்டு நகர்ந்ததே பெரிய விஷயம்தான். ஆனால் இசாவோவின் காதில் 'பின்னால' மட்டும் விழுந்தது.

மூங்கில் புதருக்குள் குனிந்து போனார்கள். பாதியில் தொகாஷியின் தொப்பியில் குண்டு பட்டது. "ஹிட்!" என்று கையைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியேறினார். ரின்தாரோ திரும்பிப் பார்த்து, முன்னால் போகட்டுமா என்று சைகையில் கேட்டான். இசாவோ சரி என்று தலையசைத்தான். நின்ற இடத்தில் ஒரு பலகைத் தடுப்பு. அதன் விளிம்பில் துப்பாக்கியைச் சாய்த்துக்கொண்டு பார்த்தான்.

ரின்தாரோ தவழ்ந்தான். எதிரியின் கொடி தெரிந்தது. அதிலிருந்து அவன் பத்தடி தூரத்தில், எட்டடி தூரத்தில். யாரும் அவனைப் பார்க்கவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்தால் ஒலிப்பான் மறுபடியும் அவன் கையில். மறுபடியும் கூடாரம், மறுபடியும் தோள்தட்டல், நாசு, சாயங்காலம் வீட்டில் மசுமி வாய் கொள்ளாத சிரிப்போடு, "என் தம்பியா!" என்பாள்.

இருபத்தைந்து மீட்டர் இருக்கும். நடுவில் மூங்கில்கள், இரண்டு மூங்கிலுக்கு நடுவே ஒரு கை அகலம் இடைவெளி. காற்று வலமிருந்து இடம். இசாவோ துப்பாக்கியை ஒற்றைச் சுடுதலுக்குத் திருப்பினான். காற்றுக்கு ஒரு விரற்கடை வலப்பக்கம் விட்டான். மூச்சை நிறுத்தி ஒரே ஒரு குண்டு.

முதுகின் நடுவில் பட்டது.

"ஹிட்!" என்றான் ரின்தாரோ, அதே பழைய குரலில். கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நடந்தான். இசாவோ பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். முதலில் வெட்கமோ பயமோ வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'எப்படிச் சுட்டேன் பார்!' என்றுதான் அவனுக்குத் தோன்றியது. நாலு வருஷத்தில் அவன் சுட்டதிலேயே அழகானது அதுதான். நேரம் முடிந்து, ஆட்டம் யாருக்கும் வெற்றியில்லாமல் நின்றது.

கூடாரத்தில் ரின்தாரோவுக்குத் தலைகால் புரியவில்லை.

"தலைவரே, ஒரே குண்டு! சத்தமே கேக்கல! எங்கள முன்னால போக விட்டுட்டு, பின்னாலருந்து பொறுமையாச் சுட்டிருக்காங்க. யாருன்னு பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்."

சுட்டவனைத் தேடிப் போய், நல்ல சூடு என்று சொல்லிக் குனிந்து வணங்கிவிட்டு வருவது அங்கே வழக்கம். அதையும் காலையில் சொல்லிக்கொடுத்தது இசாவோதான். ரின்தாரோ மஞ்சள்காரர்களின் மேஜை மேஜையாகப் போனான். "இடது பக்கம், மூங்கில் புதர், முதுகுல சுட்டது நீங்களா?" இல்லை என்றார்கள். நான் வலது பக்கம் என்றார்கள். "காட்டுல தனுகி நரி சுட்டிருக்கும்டா, ஏற்கெனவே மரம் சுட்டுச்சுல்ல" என்று ஒருவன் கலாய்த்தான். இசாவோ தண்ணீர் குடித்தான். மறுபடியும் குடித்தான்.

கடைசி மேஜையில் கொமோரி இருந்தான். உடம்பெல்லாம் சணல் நாரும் இலையும் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும் புதர் போல வருகிற ஆள். அரை நாள் ஒரே இடத்தில் படுத்துக் கிடப்பான். பாதி நேரம் தூக்கம் என்று அவன் அணிக்காரர்களே சொல்வார்கள்.

"இடது பக்கமா?" என்றான் கொமோரி. "நான் அங்கதான் படுத்திருந்தேன்."

"அப்போ நீங்கதானா!"

கொமோரி கொஞ்சம் யோசித்தான். ரின்தாரோவின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தால் எவனுக்கும் இல்லை என்று சொல்ல வராது. "இருக்கலாம்" என்றான். ரின்தாரோ இடுப்பு வரை குனிந்தான். 'இருக்கலாம்' அப்போதே 'ஆமாம்' ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மேஜையைச் சுற்றிக் கூட்டம். கொமோரி கையால் காட்டிக் காட்டிச் சொன்னான்.

"மூணு பேரும் என் மூக்குக்கு முன்னாலதான் போனாங்க. போகட்டும்னு விட்டேன். காத்து எடமிருந்து வலம் அடிச்சுது…"

வலமிருந்து இடம், முட்டாளே! என்று இசாவோவுக்குள் ஒருவன் அலறினான்.

"…ஒரு பதினஞ்சு மீட்டர் இருக்கும்…"

இருபத்தைந்து!

தொகாஷி எழுந்து அங்கே போனார். கொமோரியை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த எடத்துல மூங்கிலுக்கு நடுவுல ஒத்தக் குண்டுல அடிக்கிறது லேசு இல்ல. நாசுவுக்கு எங்களுக்கு ஒரு ஆள் கொறையுது. வேற அணி ஆளச் சேத்துக்கலாம்னு விதி இருக்கு. வர்றியா?"

தூக்கம்தான் என்று ஊரே சொல்லும் புதருக்கு நாசு. இசாவோவின் நாசு, இசாவோ சுட்ட குண்டுக்கு. பொறாமை இதுவரை அவனை அரித்துக்கொண்டுதான் இருந்தது. இப்போது எழுப்பி நிறுத்தியது.

"அது நான் சுட்டது!"

கூடாரம் திரும்பிப் பார்த்தது. யாருக்கும் கோபம் இல்லை. ரின்தாரோ வாயைப் பிளந்து சிரித்தான்.

"மாமாவா! தவறி என் மேல பட்டுருச்சா? அட, அதான் யாரும் ஒத்துக்கல!"

"நம்மாளு மேல படுறது வாரா வாரம் நடக்குறதுதான்ப்பா" என்றார் பக்கத்தில் ஒருவர். "மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுது."

கதவு அகலத் திறந்திருந்தது. ஆமாம், தவறிப் பட்டுவிட்டது, மன்னிச்சுரு மாப்ள என்றால் போதும். இசாவோ வாயைத் திறக்கவும் செய்தான். அதற்குள் மூக்குடைந்த கொமோரி முந்திக்கொண்டான்.

"ஓ, குருட்டுச் சூடா? நானும் என்னமோன்னு நெனச்சேன். குருட்டாம்போக்குல பட்டதுக்குத்தான் இத்தன ஆர்ப்பாட்டமா?"

"குருட்டுச் சூடா?" இசாவோவின் குரல் உடைந்தது. "இருபத்தஞ்சு மீட்டர்யா! காத்து வலமிருந்து எடம். ஒரு விரக்கட வலது பக்கம் விட்டேன். ஒத்தச் சூட்டுக்குத் திருப்பி, மூச்ச நிறுத்தி, முதுகுக்கு நடுவுல குறி வச்சுத்தான் சுட்டேன்! தவறி ஒண்ணும் படல!"

சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது.

கறிச்சோறு விற்கிற அம்மாள் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தாள். கொமோரி தன் இலைகளைச் சரிசெய்துகொண்டான். ரின்தாரோவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டு இசாவோவின் முன்னால் வந்தான். கையைத் தொடையோடு ஒட்டி, கொமோரிக்குக் குனிந்த அதே அளவு குனிந்தான்.

"நல்ல சூடுங்க" என்றான்.

மாமா என்று சொல்லவில்லை. மேஜைக்குப் போய்த் துப்பாக்கியில் குண்டு நிரப்ப ஆரம்பித்தான்.

"மாப்ள" என்றான் இசாவோ.  ரின்தாரோ திரும்பவில்லை.

 துணியில் போகாத கறையைப் பார்க்கிற மாதிரி தொகாஷி இசாவோவைப் பார்த்தார். "நாசுவுக்கு அஞ்சு பேரே போறோம்" என்றார் கடைசியில். அடுத்த ஆட்டத்துக்கு ஊதல் ஊத இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. அவர் எழுந்து சிவப்பு அணிக்கு இடம் பிரித்தார். வலது பக்கம் யார், நடுவில் யார், கொடிக்கு யார்.

"இடது பக்கம்…" என்று நிறுத்தினார். அணிக்காரர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இடது பக்கம் வருகிறேன் என்று சொல்லவில்லை. "இசாவோ, நீ முன்னால போ."

"முன்னாலயா, தலைவரே?"

"வேற எங்க உன்ன விடுறது? உனக்கு முன்னால நடக்க யாரு வருவா, சொல்லு."

அந்த நாலு வருஷத்தில் இசாவோ எத்தனை முறை கேட்க ஏங்கிய வார்த்தை அது! குனிந்து கைப்பட்டையை இறுக்கினான். 

"அவருக்குப் பின்னால நான் போறேன்" என்றான் ரின்தாரோ.

தொகாஷி அவனைப் பார்த்தார், பிறகு இசாவோவைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

ஊதல் ஊதியது. இசாவோ மூங்கிலுக்குள் நுழைந்தான். அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பாதை, பள்ளம், தூரத்தில் மஞ்சள் கொடியின் ஒரு நுனி, எல்லாம் அவனுக்கு முன்னால் விரிந்து கிடந்தன. அவன் எதையும் பார்க்கவில்லை. அவன் உயிரெல்லாம் முதுகில் இருந்தது. பின்னால் பத்தடியில் காய்ந்த இலை நொறுங்கும் சத்தம். அவன் நின்றால் அது நின்றது. நடந்தால் அதுவும் நடந்தது.

சுட்டுவிடு மாப்ள, என்று கேட்டுக்கொண்டான் மனதுக்குள். ஒரே ஒரு குண்டு. மிளகு மாதிரி. இதற்குமேல் என்னால் முடியாது. பட்ட உடனே காடு அதிரக் கத்துகிறேன், கையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன், கூடாரத்தில் எல்லார் முன்னாலும் உன் காலடியில் குனிகிறேன். ராத்திரி மசுமியிடம் நானே சொல்கிறேன்.

வேண்டுமென்றே நிமிர்ந்து நடந்தான். வெட்டவெளியில் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றுகூடப் பார்த்தான்.

"வலது பக்கம் ஒருத்தர் இருக்கார், குனிஞ்சுக்குங்க" என்றது பின்னாலிருந்து ரின்தாரோவின் குரல், அடக்கமாக, யாரோ ஒருவருக்குச் சொல்வது போல.

இசாவோ குனிந்தான். வலது பக்கத்து ஆளை ரின்தாரோ பார்த்துக்கொண்டான். இருவரும் இப்படியே பள்ளத்தைக் கடந்தார்கள், ஓக் மரத்தைக் கடந்தார்கள். எதிரியின் கொடி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. இசாவோ எழுந்து போய் ஒலிப்பானை அழுத்தினான். சத்தம் காடு முழுக்கப் போனது. அந்தக் குண்டு வரவே இல்லை.